எண்ணெய் நின்ற இடம்

புதுப்பேட்டை, சென்னை
12-6-1977

அன்புள்ள அண்ணனுக்கு ஜெயா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் மங்கம்மா அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே. அண்ணி காலில் உப்புத் தண்ணீர் பட்ட புண் ஆறிவிட்டதா என்று எழுதுங்கள்.

திரௌபதியம்மன் தீமிதிக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். இந்த வருஷம் வரவில்லை. வந்தால் மரக்காணத்தில் பார்க்கிறவர் எல்லாரும் சோழவரம் கார்ப் பந்தயத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நீங்களும் பேப்பரில் பாதிதான் படித்திருப்பீர்கள். பிப்ரவரி பந்தயத்தில் பலராமன் ஓட்டிய காருக்கு என்ஜின் கட்டியவர் என் வீட்டுக்காரர். கார் முழு வேகத்தில் போகும்போது என்ஜினுக்குள் எண்ணெய் நின்றுபோனது. என்ஜின் அப்படியே இறுகிப் பிடித்து, கார் புரண்டது. பலராமனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து இந்தத் தெருவில் ஒரே பேச்சுதான். "ஜப்பான்காரன் போட்ட பேலன்ஸ் ஷாஃப்டை நடராசன் பிடுங்கிப் போட்டான், ஆயில் பம்ப் போயிடுச்சு, ஆளைக் கொல்லப் பாத்தான்" என்கிறார்கள். யாரும் வண்டி கொண்டுவருவதில்லை.

பட்டறையை மூடிவிட்டு ஊருக்கு வா என்கிறீர்கள். மூடமாட்டேன். தினமும் காலையில் நான்தான் கதவைத் திறக்கிறேன். எதிரே லேத் வைத்திருக்கும் கலியன் அனுப்புகிற சில்லறை வேலை வருகிறது. அது போதும்.

அவர் நன்றாக இருக்கிறார். வேலை அதிகம் என்பதால் தனியாக எழுதவில்லை. உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

உங்கள் தங்கை,
ஜெயா

மரக்காணம்
2-7-1977

அன்புத் தங்கை ஜெயாவுக்கு அர்ச்சுனன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணி கால் ஆறிவிட்டது, மறுபடியும் உப்புப் பாத்தியில் இறங்கிவிட்டாள்.

இந்த வருஷம் வெயில் நன்றாக அடிக்கிறது. வாரிய உப்பைக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடியிருக்கிறோம். கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீர் இறைக்கிற பம்பு என்ஜின் வருஷம் முழுக்கப் படுத்தே கிடக்கும், உனக்குத் தெரியும். இப்போது காலையில் பிடித்துவிட்டால் மாலை வரை ஓடுகிறது. முதலாளிக்கே ஆச்சரியம்.

மாப்பிள்ளை சுகம் என்று படித்தேன். சந்தோஷம். ஆனால் யாரும் வண்டி கொண்டுவருவதில்லை என்று ஒரு இடத்தில் எழுதுகிறாய், வேலை அதிகம் என்று இன்னொரு இடத்தில் எழுதுகிறாய். நான் உப்பு வாருகிறவன்தான், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.

ஊருக்கு வந்துவிடு. அங்கே தனியாக நின்று யாரோடு மல்லுக்கட்டப் போகிறாய்? இங்கே வந்தால் எல்லாம் சரியாகும். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

அர்ச்சுனன்

புதுப்பேட்டை
24-7-1977

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா? சின்னவனுக்கு இருமல் நின்றதா?

வரமாட்டேன் என்பதை இந்த முறை காரணத்தோடு எழுதுகிறேன். பிறகு கேட்காதீர்கள்.

நாலு சிலிண்டர் என்ஜின் ஓடினால் அதிரும். அந்த அதிர்வை வாங்கிக்கொள்ள இந்த ஜப்பான் என்ஜினில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாஃப்ட் வைத்திருக்கிறார்கள். காவடியில் இரண்டு பக்கமும் தூக்குகிறீர்களே, அது மாதிரி ஒன்றை ஒன்று சமன் செய்யும். ஊருக்குள் ஓட்டுகிற காருக்கு அது சுகம். பந்தயக் காருக்குச் சுமை. என்ஜின் ஒரு சுற்று சுற்றினால் அவை இரண்டு சுற்று சுற்றும். மிக வேகமாகப் போனால் அவற்றின் பேரிங்கே கருகிவிடும். அதனால் எடுத்தார். எடுத்தது தப்பே இல்லை.

ஆனால் அதில் ஒரு ஷாஃப்ட், ஆயில் பம்பின் பல் சக்கரத்தைத் தாங்கி நிற்கிறது. அதை எடுத்தால் அந்த இடத்தில் ஒரு துண்டு ஷாஃப்ட் போட வேண்டும். இரண்டு ஷாஃப்டுக்கும் எண்ணெய் போகிற துளைகளை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் எண்ணெய் அந்த வழியாகவே ஒழுகி, முக்கியமான இடம் காய்ந்துவிடும். எல்லாம் செய்தார், நான்தான் விளக்குப் பிடித்தேன். ஆனால் கார் புரண்ட பிறகு ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டாவது அடைப்ப அடிச்சேனா இல்லையான்னு நெனப்பே வர்லையே ஜெயா." அடித்ததை நானும் பார்த்த ஞாபகம் இல்லை.

இறுகிப்போன என்ஜினை பலராமனின் ஆட்கள் கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். அது இன்னும் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. அவர் அதைத் தொடவில்லை. தெருவில் போகிறவன் எல்லாம் அதைக் காலால் தட்டிவிட்டுப் போகிறான். அதை நான் திறக்கப் போகிறேன்.

அவர் நலம்.

ஜெயா

மரக்காணம்
3-8-1977

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். இருமல் நின்றுவிட்டது. அனைவரும் சுகம்.

திறக்காதே என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். திறந்து பார்த்து, அவர் தப்பு என்றே தெரிந்துவிட்டால் என்ன செய்வாய்? ஒரு மனுஷன் அதைத் தாங்க வேண்டுமே. சும்மா விட்டால் சந்தேகத்தோடு போய்விடும்.

ஆனால் நீ என் பேச்சைக் கேட்கமாட்டாய். திறந்தால், பார்த்ததை அன்றைக்கே எழுதிப் போடு. எதையும் விடாமல் எழுது. நான் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

அர்ச்சுனன்

புதுப்பேட்டை
11-9-1977

அன்புள்ள அண்ணனுக்கு ஜெயா எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது, கைதான் எண்ணெய்க்கறை போகாமல் கறுத்துவிட்டது. அங்கே மழை தொடங்கும் முன் உப்பை ஏற்றிவிட்டீர்களா?

என்ஜினைத் திறந்தேன். இறுகிக் கிடந்ததைப் பிரிக்கக் கலியனும் கைகொடுத்தார். இரண்டு அடைப்பும் போட்ட இடத்தில் இருக்கின்றன. இரண்டும் இறுக்கமாக இருக்கின்றன. துண்டு ஷாஃப்டில் கீறல் கூட இல்லை. பம்பின் பல் ஒன்றும் உடையவில்லை. ஊர் முழுக்கச் சொன்னது பொய்.

எண்ணெய் நின்றது வேறு இடத்தில். அடியில் எண்ணெய்த் தொட்டியிலிருந்து பம்புக்கு உறிஞ்சுகிற குழாய் இருக்கிறது. அதன் கழுத்தில், பற்றவைத்த இடத்தில், சுற்றிவர விரிசல். அந்த வழியாகப் பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றைக் குடித்திருக்கிறது. ஷாஃப்டுகளை எடுத்த பிறகு அதிர்வு கூடியது. குழாய் ஒரு முனையில்தான் பிடிபட்டிருந்தது, மறுமுனை ஆடி ஆடிக் கழுத்து விட்டுப்போனது. அங்கே ஒரு கிளாம்ப் போட்டிருக்க வேண்டும். அதை நினைக்காதது அவர் தவறுதான், மறைக்கமாட்டேன். ஆனால் அவர் பயந்த தவறு அதுவல்ல.

குழாயைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பலராமனின் அரிசி ஆலைக்குப் போனேன். கைத்தடியோடு வந்தார்.

"யார் அனுப்பிச்சது, உன் புருஷனா?" என்றார்.

"யாரும் அனுப்பலைங்க. நானாத்தான் வந்தேன்."

குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த ஷாஃப்ட திரும்ப மாட்டிட்டா இந்தத் தொல்லையே இல்லையே" என்றார்.

"மாட்டலாங்க. தொல்லை இருக்காது. கடைசியா வந்து சேரலாம்."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவரையும் ஊர் விடவில்லை போலிருக்கிறது, ஓட்டத் தெரியாதவன் என்று. அடுத்த பிப்ரவரிக்கு அதே என்ஜினைக் கட்டித் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். ஒரு நிபந்தனை போட்டார். அவர் எதிரில் என்ஜினை ஸ்டாண்டில் ஏற்றி முழு வேகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் இறங்கினால் நான் பட்டறையை மூடிவிட வேண்டும். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவரும் சுகம், அண்ணா.

ஜெயா

மரக்காணம்
15-9-1977

அன்புத் தங்கைக்கு. எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது.

கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன். இரண்டு அடைப்பும் இருந்தது என்கிறாயே, பின்பக்கத்து அடைப்பைக் கையால் தொட்டுப் பார்த்தாயா? அதன் ஓரத்தில் எண்ணெய் கசிந்த தடம் உண்டா? பம்பின் அழுத்த வால்வு ஸ்பிரிங் சிக்காமல் ஏறி இறங்குகிறதா? முக்கியமாக, குழாயின் விரிசல் ஓரம் கறுத்திருக்கிறதா, பளபளவென்று இருக்கிறதா? பளபளப்பாக இருந்தால் கார் புரண்டபோது உடைந்தது. கறுத்திருந்தால் அதற்கு முன்பே விட்டது. உடனே எழுது.

அர்ச்சுனன்

புதுப்பேட்டை
20-9-1977

அண்ணனுக்கு.

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு சைக்கிள் செயின் கழன்றாலே மாட்டத் தெரியாது. அழுத்த வால்வு ஸ்பிரிங் சிக்குமா சிக்காதா என்று நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்? உப்பளத்துப் பம்பு இந்த வருஷம் மாலை வரை ஓடுகிறது என்று எழுதியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவர் அங்கேதான் இருக்கிறார்.

நானும் பொய் எழுதினேன். அவர் மே மாதமே ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல், அவர் நலம், உங்களை விசாரித்தார் என்று உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதும்போதெல்லாம் நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தீர்கள். ஊருக்கு வா, எல்லாம் சரியாகும் என்றீர்களே, இதுதானா அது? அவரைத் தேடிக்கொண்டு நான் வர வேண்டும், அவர் பம்புக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார், அப்படித்தானே?

விரிசல் கறுத்திருக்கிறது. ஸ்பிரிங் சிக்காமல் ஏறி இறங்குகிறது. பின்பக்கத்து அடைப்பைக் கையால் தொட்டுப் பார்த்தேன், கசிவு இல்லை. சொல்லிவிடுங்கள்.

இதையும் சொல்லுங்கள். என்ஜினை நான் கட்டுகிறேன். அந்த ஷாஃப்டுகள் இல்லாமலேயே கட்டுகிறேன். அது ஓடி முடிகிற வரை இந்த வாசலுக்கு அவர் வரக்கூடாது. வந்தால் என்ஜின் ஓடியது அவரால் என்பார்கள், ஓடாவிட்டால் என்னால் என்பார்கள்.

ஜெயா

மரக்காணம்
4-12-1977

அன்புத் தங்கை ஜெயாவுக்கு அர்ச்சுனன் எழுதுவது. நாங்கள் உயிரோடு சுகமாக இருக்கிறோம். இவ்வளவு நாள் எழுதாததற்கு மழையைக் காரணம் சொல்லலாம். புயல் காற்றில் கூரை பறந்தது, பாத்தியெல்லாம் ஏரி மாதிரி நிற்கிறது. ஆனால் உண்மையில் உனக்கு எழுத முகம் இல்லை.

மே மாதம் ஒருநாள் மதியம் மாப்பிள்ளை கால்வாய்க் கரையோடு நடந்து வந்தார். தாடியும் அழுக்குச் சட்டையுமாக இருந்தவரை அண்ணிதான் அடையாளம் கண்டாள். "அவளுக்கு எழுதினீங்கன்னா நான் இங்கிருந்தும் போயிடுவேன், மச்சான்" என்றார். போய்விட்டால் உனக்கு என்ன பதில் சொல்வேன்? கண் முன்னால் இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். உன் கடிதத்தில் அவர் நலம் என்கிற வரி வரும்போது எழுந்து வெளியே போய்விடுவார்.

அடைப்பு இரண்டும் இருந்தது என்பதைப் படித்துக் காட்டியபோது நம்பவில்லை. அந்தக் கேள்வியெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியதுதான். விரிசல் கறுத்திருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். "அடிச்சிருக்கேன் மச்சான். ரெண்டையும் அடிச்சிருக்கேன்" என்றார். அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, "கொழாய்க்கு கிளாம்ப் போடாம விட்டேனே, பலராமன் கால் போச்சே" என்றார்.

அவர் வருவதற்கு உன் அனுமதி கேட்கவில்லை. உன் பேச்சுப்படியே இங்கே இருப்பதாகச் சொல்கிறார். ஒரு விஷயம் மட்டும் எழுதச் சொன்னார். குழாய்க்கு ஒரு கிளாம்ப் போதாதாம். கழுத்தில் ஒன்று, உறிஞ்சுகிற வாய்ப்பக்கம் ஒன்று, இரண்டு போட வேண்டுமாம். கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம்.

என்மேல் கோபம் இருந்தால் திட்டியாவது எழுது. அண்ணி உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அர்ச்சுனன்

புதுப்பேட்டை
17-1-1978

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும். பொங்கல் நல்லபடியாக நடந்ததா? கூரையை வேய்ந்தாகிவிட்டதா? நான் திடமாக இருக்கிறேன். உங்கள்மேல் கோபம் பாதி போய்விட்டது, மீதி நேரில்.

என்ஜின் கட்டி முடித்தேன். கிராங்கைக் கடைந்து, புது பேரிங் போட்டேன். குழாயைக் கனமான உருக்கில் கலியன் செய்து தந்தார். கிளாம்ப் ஒன்றுதான் போட்டேன். இரண்டு போடச் சொன்னது அவர் என்பதால் போடவில்லை. உண்மை அதுதான்.

பலராமன் தன் நண்பர்களோடு வந்தார். தெருவே வாசலில் கூடியது. பொம்பளை கட்டின என்ஜின் வெடிக்கிறதைப் பார்க்க வந்திருந்தார்கள். முடுக்கினேன். சத்தத்தில் எதிர்வீட்டு ஓடு அதிர்ந்தது. ஷாஃப்ட் இல்லாத என்ஜின் அப்படித்தான் குலுங்கும், கையை ஸ்டாண்டில் வைத்தால் பல் கூசும். நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றைத் தாண்டியதும் எண்ணெய் முள் ஒரு துடிப்புத் துடித்தது. இறங்கவில்லை. துடித்தது, அவ்வளவுதான். நான் நிறுத்திவிட்டேன்.

"ஏம்மா நிறுத்துனே? முள்ளு எறங்கலையே" என்றார் பலராமன்.

"எறங்கலைங்க. ஆடுச்சு. எனக்கு அது போதும். நாளைக்கு வாங்க."

பின்னால் ஒருத்தன் சிரித்தான். "அவ்ளோதான், கதை முடிஞ்சுது" என்றான். பலராமன் கைத்தடியை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வர்றேன்" என்று போய்விட்டார்.

எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினேன். குழாயின் வாய்ப்பக்கம் தொட்டியில் மோதி ஒரு தடம் விழுந்திருந்தது. இரண்டாவது கிளாம்பைப் போட்டேன். அவர் சொன்னது சரி. சரியானதை யார் சொன்னால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாள் பலராமனே போதும் போதும் என்று கை காட்டுகிற வரை ஓட்டினேன். முள் ஆணி அடித்த மாதிரி நின்றது.

பட்டறை மூடாது.

பிப்ரவரிப் பந்தயத்துக்கு அவர் வரலாம். ஆனால் காருக்குப் பக்கத்தில் வரக்கூடாது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஜனங்களோடு நிற்கட்டும்.

ஜெயா

மரக்காணம்
29-1-1978

அன்புத் தங்கைக்கு. சுகம். கூரை வேய்ந்தாகிவிட்டது. பாத்தியில் நின்ற மழைத் தண்ணீரை வடித்துவிட்டுத் தரையை மிதித்து இறுக்கிக்கொண்டிருக்கிறோம், அடுத்த மாதம் உப்புத் தண்ணீர் கட்டலாம்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நீ என்ஜினை நீயாகவே நிறுத்திய இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னார். "நானா இருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன்" என்றார்.

தாடியை எடுத்துவிட்டார். வருவார்.

அர்ச்சுனன்

புதுப்பேட்டை
21-2-1978

அன்புள்ள அண்ணனுக்கு ஜெயா எழுதுவது. நான் சுகமே. அண்ணி, பிள்ளைகள் சுகத்தையும் புதுப் பாத்தியில் உப்புப் பூத்ததா என்பதையும் எழுதுங்கள்.

அவர் வந்து சொல்லியிருப்பார். இருந்தாலும் நான் பார்த்ததை நான் எழுதுகிறேன்.

சோழவரத்தில் காரைச் சோதிக்கிற இடத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, "அம்மா, குடும்பத்தார் நிக்கற எடம் அந்தப் பக்கம்" என்றார். "நான் மெக்கானிக்குங்க" என்றேன். பலராமனைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையாட்டினார். அப்புறம்தான் விட்டார்கள்.

பந்தயம் தொடங்கியதும் என்னால் காரைப் பார்க்க முடியவில்லை. காதால்தான் கேட்டேன். ஓடுபாதையின் கோடிக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் சத்தம் தேய்ந்து, ஒன்றுமில்லாமல் போய், மறுபடி வளரும். போன வருஷம் அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் எல்லாம் முடிந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அவரும் காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக வந்தோம். ஜெயித்தவர்களின் கார்கள் எங்களுடையதைவிடப் பெரியவை. பலராமன் இறங்கி வந்து, "முள்ளு அசையலம்மா" என்றார். கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு நொண்டியபடியே போய் எல்லாரிடமும் கை குலுக்கினார்.

கூட்டத்தில் புதுப்பேட்டை ஆட்கள் என் வீட்டுக்காரரை அடையாளம் கண்டு சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் தோளில் தட்டி, "நடராசா, சாதிச்சிட்டியேப்பா, என்ஜின் பிரமாதம்" என்றார். என்ன சொல்லப் போகிறார் என்று நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். "நான் உப்பளத்துல பம்பு ஓட்டறேங்க. இது அவங்க கட்டுனது" என்று என்னைக் காட்டினார். சத்தமாகத்தான் சொன்னார்.

பிறகு கயிற்றருகே வந்தார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நேரில் பார்த்துக்கொண்டோம். "வர்ட்டுமா?" என்று கேட்டார். வாங்க என்று சொல்ல வாய் வந்தது, அண்ணா. பொய் சொல்லவில்லை. ஆனால் நான் அத்தனை நாள் தனியாகக் கதவைத் திறந்ததும் நினைவுக்கு வந்தது. "சீசன் தொடங்குது. அண்ணன் பம்ப பாதியில விட்டுட்டு வராதீங்க. உப்பு முடியட்டும். அப்புறம் வாங்க. வந்தா, பட்டறை நடக்கிற விதம் மாறியிருக்கும், அதையும் தெரிஞ்சுக்குங்க" என்றேன். "சரி" என்றார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

நேற்று வேறொரு கார்க்காரர் பட்டறைக்கு வந்தார். அதே மாதிரி ஜப்பான் என்ஜின். ஷாஃப்டுகளை எடுத்துத் தர வேண்டுமாம். ஆனால் பயம். "எடுத்தா ஒடையாதா?" என்று கேட்டார்.

"ஒடையுங்க. எங்க ஒடையும்னு எனக்குத் தெரியும்" என்றேன். காரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

உங்கள் எல்லார் சுகத்துக்கும், அவர் சுகத்துக்கும் சேர்த்தே எழுதுங்கள்.

தங்கை,
ஜெயா